பென்சில் தாளில் படாத நேரம்

அகல்யா ஃப்ரிட்ஜ் வாங்கத்தான் போனாள். அதை அவளே ஒப்புக்கொள்வாள். 1996ஆம் வருஷம் மே மாதம், டெல்லி சாணக்யபுரியில் ஏதோ ஒரு தூதரகத்து அதிகாரி ஊரைக் காலி செய்துகொண்டு போகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று அவள் வேலை பார்த்த அமைச்சகத்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜோ அந்தக் கோடையில் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனவள் மத்தியானம் ஒரு டெம்போவுக்குப் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கினாள். டெம்போவில் இருந்தது பியானோ.

"யே அல்மாரி ஹை க்யா, பெஹன்ஜி?" என்று டெம்போக்காரர் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அலமாரிக்கு எதற்குப் பற்கள் என்பது அவருடைய சந்தேகம்.

நாலு பேர் சேர்ந்து அதை முதல் மாடிக்கு ஏற்றினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் சுவர் ஒரு சாண் பெயர்ந்தது. கீழ் வீட்டு சேஷன் கதவைத் திறந்து பெயர்ந்த சுவரைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். அகல்யாவின் கணவர் கலியமூர்த்தி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுல பால் வைக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"தயிரு?"

"அதுவும் முடியாது."

"சரி" என்றார் கலியமூர்த்தி. சொல்லிவிட்டு, எந்தச் சுவர் ஓரமாக வைத்தால் வெயில் படாது என்று பார்க்கப் போனார். அவர் அப்படிப்பட்ட மனுஷர். பின்னால் நடந்த பாதகத்தைச் செய்தவர் அவர்தான். அதனாலேயே அவர் நல்லவர் என்பதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நியாயம்.

அகல்யா ஸ்டெனோ. 1979இல் பரீட்சை எழுதித் தேறி, சிதம்பரத்திலிருந்து டெல்லிக்கு வந்தவள். கூட வந்த அம்மா தாயம்மாள் பெண்கள் விடுதியில் மூன்று நாள் தங்கி, சப்பாத்தியைத் திட்டித் தீர்த்துவிட்டு, ரயில் ஏறும்போது, "யாரு என்ன சொன்னாலும் எழுதிக்க. ஆனா எல்லாத்துக்கும் தலைய ஆட்டிக்கிட்டு இருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அகல்யா முதல் பாதியை மட்டும் இருபத்திரண்டு வருஷம் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

எழுதிக்கொண்டாள். எத்தனை அதிகாரிகள், எத்தனை கடிதங்கள்! வேகமாகப் பேசுகிறவர், மென்று பேசுகிறவர், வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிறவர், எல்லாரையும் அவளுடைய பென்சில் பிடித்துவிடும். சுருக்கெழுத்தில் ஒரே கோடுதான். மெல்லிசாக இழுத்தால் ஒரு எழுத்து, அழுத்தி இழுத்தால் இன்னொரு எழுத்து. அந்த வித்தியாசம் அவள் கையில் ஒருநாளும் பிசகியதில்லை. கடைசியாக வாய்த்தவர் வெங்கடராமன், இணைச் செயலாளர். அவருக்கு ஒரு பழக்கம். வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிடுவார். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே நாவல் மரத்தைப் பார்ப்பார். பத்து விநாடி, இருபது விநாடி, சில நாள் ஒரு நிமிஷம். அவ்வளவு நேரமும் அகல்யாவின் பென்சில் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும். கீழே வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த வார்த்தையின் தலை போய்விடும்.

அந்தப் பென்சில் மேலே நிற்கிற நேரம் யாருடையது? சம்பளம் சர்க்கார் கொடுக்கிறது, சரி. ஆனால் அந்த நேரத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் எதுவும் எழுதவில்லை. அவளுடைய இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவளுக்கே அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

1994 ஆகஸ்டில் ஒரு நாள், பதினொரு மணி வாக்கில் மேஜையில் போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து தம்பி. அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். அவள் போனை வைக்கவும் உள்ளேயிருந்து பஸ்ஸர் அடிக்கவும் சரியாக இருந்தது. அகல்யா நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கு இன்றுவரை பதில் தெரியாது. பஸ்ஸர் அடித்தது, கால் போயிற்று. வெங்கடராமன் நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்து, மானியம் என்ற வார்த்தையில் நிறுத்தி, நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பென்சில் மேலே நின்றது. அந்த இடைவெளியில்தான் அவளுக்கு அம்மா செத்துப்போனாள். போனில் செத்தது வேறு. இங்கேதான் அது உடம்பில் ஏறியது. கை மேலேயே இருக்கக் கண்ணிலிருந்து கொட்டியது. அவர் திரும்பவில்லை. பிறகு மானியத்திலிருந்து தொடர்ந்தார், அவளும் தொடர்ந்தாள். வெளியே வந்து டைப் அடித்து, கையெழுத்துக்கு வைத்து, அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறிப்போனார். உடனே லீவு கொடுத்தார். ரயில் ஊர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் பதிலில் ஒரு தப்புக்கூட இல்லை. அதுதான் அவளை அறுத்தது. ஒரு எழுத்தாவது தப்பாக விழுந்திருக்கலாம். அவள் உள்ளே போய் எழுதிவிட்டு வந்ததைக் கலியமூர்த்தியிடம்கூடச் சொல்லவில்லை. போன் வந்தவுடன் கிளம்பிவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பியானோ வந்ததும் அவள் சரோஜினி நகரில் ஒரு துணிக்கடை மாடியில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். நடத்துகிறவர் ஜெயசீலன். நாகர்கோவில்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முப்பத்தேழு வயது அகல்யா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பாள். பிள்ளைகள் அவளை முதலில் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா என்றுதான் நினைத்தார்கள். அவள் விரல்களுக்குப் பியானோ புதிது, கட்டைகளைத் தட்டுவது புதிதில்லை. மூன்று வருஷத்தில் அஞ்சு பரீட்சை தேறினாள்.

அதற்கப்புறம் பரீட்சையை நிறுத்திவிட்டுத் தானாகவே ஒன்றை எழுத ஆரம்பித்தாள். 1999இலும் 2000இலும், ஆபீஸ் விட்டு வந்து குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது மூன்று விசில் விடுகிற நேரத்தில் எழுதினாள். அதற்கு டிக்டேஷன் என்று பெயர் வைத்தாள். வலது கையில் சிறு சிறு ஓட்டங்கள். ஒரே சுரம் மெல்லிசாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. வரி முடிகிற இடத்தில் டைப்ரைட்டர் மணி மாதிரி மேலே ஒற்றைத் தட்டு. சொன்னதை அதிகாரி அடித்துவிடச் சொல்வாரே, அந்த இடத்தில் வாசித்ததையே பின்னாலிருந்து முன்னால் வாசித்து அழிப்பது. நடு நடுவே ஒன்பது இடங்களில் எதுவுமே கிடையாது. வாசிக்கிறவர் இரண்டு கையையும் கட்டைகளுக்கு ஒரு விரற்கடை மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஏழாவது காத்திருப்புதான் எல்லாவற்றிலும் பெரியது, எழுபது விநாடி. அது எது என்று சொல்லத் தேவையில்லை.

ஊரில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

"ஏம்மா, நித்தியம் கேக்கறேனே, இது என்ன ராகம்?" என்றார் சேஷன், மாடிப்படியில் மறித்துக்கொண்டு.

"ராகமெல்லாம் இல்லை சார்."

"தாளமாவது இருக்கோ?"

"அது எங்க ஜாயின்ட் செக்ரட்டரி கையில இருக்கு சார்."

"நடுவுல நடுவுல நின்னு போயிடறதே! நான் கீழே உக்காந்துண்டு, எப்போ மறுபடி ஆரம்பிக்கும் எப்போ ஆரம்பிக்கும்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது. ஒரேயடியா வாசிச்சுத் தொலைச்சாக்கூடத் தூங்கிடலாம்."

அகல்யாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதுவரை கிடைத்ததில்லை. நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். தமிழர் சங்கத்துப் பொங்கல் விழாவில் வாசிக்கக் கூப்பிட்டு, எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக ஒன்று வாசித்தால் போதும் என்றார்கள். டிக்டேஷன் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் பந்தியில் பரிமாற வருகிறேன் என்றாள். பரிமாறத்தான் போனாள்.

ஜெயசீலன் தாளை வாங்கி இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "மேடம், ஓட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் காலி எதுக்கு? கேக்கிறவன் எந்திரிச்சுப் போயிருவான்."

"போகட்டும்."

"காலிய எடுத்துட்டீங்கன்னா நானே சிபாரிசு பண்ணுவேன்."

"காலியைத்தான் சார் நான் எழுதியிருக்கேன். மத்ததெல்லாம் காலிக்குக் கரை கட்டினது" என்று சொல்லித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

2000 நவம்பரில் பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. சாணக்யபுரியில் ஒரு வெளிநாட்டுக் கலாசார மையத்தில் புது பியானோ இசைக்கென்று ஒரு மாலை. டெல்லியில் வசிக்கிற யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதியதை அனுப்பலாம். அவர்கள் நாட்டிலிருந்து வருகிற பியானோக்கார அம்மாள் நாலு பேருடையதைத் தேர்ந்தெடுத்து வாசிப்பார். மையில் எழுதிய தெளிவான பிரதி வேண்டும், டிசம்பர் 15 கடைசித் தேதி. அகல்யாவிடம் இருந்ததோ பென்சிலில் எழுதியது. போதாக்குறைக்கு நாடாளுமன்றக் கூட்டத்தொடர் வேறு. தினமும் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர்வதே பெரும்பாடு.

"நான் ஃபேர் காப்பி எடுத்துத் தர்றேன், குடு" என்றார் கலியமூர்த்தி.

கலியமூர்த்தியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வேறொரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் கை பட்ட டிராஃப்டில் மேலே இருக்கிறவர்கள் ஒரு கமாவைக்கூடத் தொட மாட்டார்கள் என்று பெயர். ஈயடிச்சான் காப்பி எடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பிழையைக் கண்டால் திருத்த வேண்டும், சொன்னதையே சொன்னால் வெட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, காலி இடம் விடவே கூடாது. காலி இடம் விட்டால் கையெழுத்தான பிறகு எவனாவது அதில் எதையாவது நுழைத்துவிடுவான். அதனால் எதை எழுதினாலும் முடிவில் மிச்சமிருக்கிற இடத்தில் கோணலாக இசட் மாதிரி ஒரு கோடு இழுத்து அடைத்துவிடுவார். பால் கார்டில் இழுப்பார், மளிகைச் சீட்டில் இழுப்பார். மகள் கனிமொழி யூகேஜியில் ஒரு வீட்டை வரைந்து மேலே வானத்தை வெறுமனே விட்டிருந்தாள். அப்பா வானத்தில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டார். அவள் இரண்டு நாள் அழுதாள்.

நாலு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஸ்கேலும் மைப்பேனாவுமாக உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார். அவருக்கு ஒரு சுரமும் தெரியாது. ஆனால் ஐந்து கோட்டில் எந்தக் கோட்டில் எந்தப் புள்ளி என்று பார்த்துப் பார்த்து வைத்தார். அப்புறம் ஸ்கூட்டரில் தானே போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தார். அகல்யா அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும்தான் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனவரி கடைசியில் கடிதம் வந்தது. நாலில் ஒன்றாக டிக்டேஷன். கலியமூர்த்தி அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தார். சேஷனுக்கு இரண்டு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி, முந்தின நாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை, எழுதியவர்கள் வரலாம் என்றிருந்தது. வெங்கடராமனுக்கு அதே மூன்று மணிக்குக் கூட்டம், அதை எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். அகல்யா லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஆகையால் தான் எழுதியதை இன்னொருவர் கையில் கேட்கிற முதல் தடவை, சனிக்கிழமை சாயங்காலம், நூறு பேருக்கு நடுவில் என்றாயிற்று.

பிப்ரவரிக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. சேஷன் குரங்குக் குல்லாயோடு வந்திருந்தார். ஜெயசீலன் இரண்டாவது வரிசையில் இருந்தார். முன் வரிசையில் ஒரு பக்கம் கலியமூர்த்தி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில். மறுபக்கம் ஜீன்ஸ் போட்ட கனிமொழி, பதினாறு வயது.

மூன்றாவதாக டிக்டேஷன். அந்த அம்மாள் உட்கார்ந்தார், ஆரம்பித்தார். என்ன கை! அகல்யாவின் பழைய பியானோவில் முணுமுணுத்தது எல்லாம் அந்தப் பெரிய கறுப்புப் பியானோவில் கணீரென்று எழுந்தது. மெல்லிசு மெல்லிசாகவே விழுந்தது, அழுத்தம் அழுத்தமாகவே விழுந்தது. அகல்யா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதல் காத்திருப்பு வந்தது.

வரவில்லை. அந்த இடத்தில் இசை நிற்காமல் அடுத்த ஓட்டத்துக்குப் போயிற்று.

தவறிவிட்டார் போலும் என்று நினைத்தாள். பெரிய ஆட்களுக்கும் தவறும். இரண்டாவதும் வரவில்லை. மூன்றாவதும் வரவில்லை. நாலு, அஞ்சு, ஆறு, ஒன்றும் இல்லை. சிரிக்கச் சிரிக்க ஓடுகிற ஒரு டைப்ரைட்டர் பாட்டாக அது போய்க்கொண்டிருந்தது. சபையில் புன்னகை பரவுவது தெரிந்தது. ஏழாவது இடம் நெருங்கியபோது அவள் வலது கை தானாக மடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே எழுந்தது. இசை அந்த இடத்தின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டது.

கடைசியில், அவள் எழுதவே எழுதாத ஒன்று வந்தது. மேலேயிருந்து விரல்களால் ஒரே வழியாக வழித்துக்கொண்டு கீழே வந்து, மறுபடி மேலே போய், மறுபடி கீழே. அத்தோடு முடிந்தது. அரங்கம் கைதட்டியது. முதல் இரண்டு பேருக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டியது.

ஜெயசீலன் பின்னாலிருந்து குனிந்து சொன்னார். "மேடம், ஏ ஒன்! காலியெல்லாம் தூக்கிட்டீங்க பாத்தீங்களா, இப்பதான் இது மியூசிக்!"

"யார் தூக்கினது?" என்றாள் அகல்யா.

"நான்தான்" என்றார் கலியமூர்த்தி. முகமெல்லாம் பூரிப்பு. "ஃபேர் காப்பி எடுக்கறப்ப பாத்தேன், அங்கங்க கட்டம் கட்டமா வெறுமனே கெடந்துச்சு. மேல உன் ஷார்ட்ஹேண்டு கிறுக்கல் வேற. என்னிக்கு ஷார்ட்ஹேண்டு ஃபேர் காப்பியில வந்துருக்கு? பின்னாடி ரொப்பலாம்னு விட்டுட்டு மறந்துட்ட போலன்னு நெனச்சேன். அப்படியே விட்டா எவனாச்சும் அதுல நாலு சுரத்த நுழைச்சு அவன் பேரப் போட்டுக்குவான். அதான் ஒட்டிப் போட்டேன்."

"ஒன்பதையுமா?"

"ஒன்பதும்தான். ஒண்ணு ரொம்பப் பெரிசு, அரைப் பக்கம். அதையும் எடுத்துட்டேன்."

அந்தக் கிறுக்கல் வேறொன்றும் இல்லை. காத்திரு என்று ஒவ்வொரு இடத்திலும் அவள் எழுதி வைத்தது. ஊர் படிக்கிற எழுத்தில் எழுதாமல் போனோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. அவர் மேல் அதைவிடக் கோபம் வந்தது. அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

மேடையில் அந்த அம்மாள் கை நீட்டி, எழுதியவரை அழைத்தார். சபை அவள் பக்கம் திரும்பித் தட்டியது. எழுந்து, கும்பிட்டு, உட்கார்ந்தால் தீர்ந்தது. நாளைக் காலையில் பேப்பரில் பேர்கூட வரும். கணவர் பூரித்துப் போயிருக்கிறார். வாத்தியார் முதல் தடவையாக மெச்சியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொண்டவள், இதையும் எழுதிக்கொண்டு போயிருக்கலாம்.

அகல்யா எழுந்து மேடைக்குப் போனாள். பியானோ மேல் இருந்த தாளைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், மிச்சமிருந்த வெற்றுக் கோடுகளின் மேல், கலியமூர்த்தியின் இசட் சவுக்கியமாகப் படுத்திருந்தது. அதைத்தான் அந்த அம்மாள் மூன்று வழிப்பாக வாசித்திருக்கிறார். இன்னொரு நாளாக இருந்தால் அகல்யா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஆங்கிலத்தில் பேசினாள். மற்றவர்களுடைய ஆங்கிலத்தை எழுதி எழுதித் தேய்ந்த ஆங்கிலம், ஆனால் அன்றைக்கு வார்த்தைகள் அவளுடையவை. நீங்கள் கேட்டது நன்றாக இருந்தது, அந்த அம்மாள் பிரமாதமாக வாசித்தார், ஆனால் அது என் கணவர் திருத்தியது. நான் எழுதியது வேறு. அதில் ஒன்பது இடங்களில் ஒன்றும் இருக்காது. அதை இப்போது நான் வாசிக்கப் போகிறேன், பதினோரு நிமிஷம் ஆகும் என்றாள். வாசிக்கலாமா என்று கேட்கவில்லை.

ஏற்பாட்டாளர் எழுந்து கடிகாரத்தைக் காட்டினார், இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார் என்றார். பியானோக்கார அம்மாள் அகல்யாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து, கீழே போய், காலியாக இருந்த அகல்யாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏற்பாட்டாளரும் உட்கார வேண்டியதாயிற்று.

அகல்யாவுக்கு அந்த அம்மாளின் கை இல்லை. இரண்டு ஓட்டங்கள் தடுமாறின. முதல் காத்திருப்பில் சபை மரியாதையாக இருந்தது. இரண்டாவதில் யாரோ இருமினார்கள். மூன்றாவதில், "என்னாச்சு? மறந்துட்டாளோ?" என்று சேஷன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. அஞ்சாவதில் இரண்டு பேர் எழுந்து போனார்கள், கதவு கிறீச்சிட்டது. "அம்மா, பஸ் கரோ, போதும், ப்ளீஸ்" என்று கனிமொழி முகத்தை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். போகிறவர்கள் போகட்டும் என்று அகல்யா நினைத்தாள். வெங்கடராமன் அறையில் அவள் ஒருநாளாவது எழுந்து போயிருக்கிறாளா?

ஏழாவது வந்தது. இரண்டு கையும் மேலே போயின.

பத்து விநாடி, இருபது விநாடி. கீழே நாற்காலிகள் நெளிந்தன. முப்பதாவது விநாடியில் யாரோ நல்ல மனதோடு, பாவம், இவளைக் காப்பாற்றிவிடலாம் என்று கைதட்டினார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஜெயசீலனும் தட்டினார். தட்டல் அரங்கம் முழுக்கப் பரவியது. ஏற்பாட்டாளர் நன்றி சொல்வதற்காக எழுந்து மேடையை நோக்கி நடந்தார். அகல்யாவின் கை இறங்கவில்லை.

கலியமூர்த்தி அந்த வலது கையைப் பார்த்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருப்பது போலச் சேர்ந்திருந்தன. முப்பது வருஷமாக, எத்தனை அதிகாரிகள் அறையில், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும்போது அவர் அந்த மாதிரிக் கையைப் பார்த்திருக்கிறார்! அதிகாரி யோசிப்பார், ஸ்டெனோ அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அந்த ஸ்டெனோவுக்குள் என்ன ஓடுகிறது என்று அவர் ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை. அரைப் பக்கம், என்று ஞாபகம் வந்தது. மைப்பேனாவும் ஸ்கேலுமாக அதைத் தூக்கி எறிந்த சாயங்காலமும் ஞாபகம் வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டில்கூடக் குரல் உயர்த்தாத மனுஷர் எழுந்து நின்றார்.

"இன்னும் முடியலைங்க!" என்றார். தமிழில் கத்தியது பலருக்குப் புரியவில்லை என்று தெரிந்து, சபைப் பக்கம் திரும்பி, எல்லாரும் உட்காருங்கள் என்று இந்தியில் கத்தினார். "அபீ கதம் நஹீ ஹுவா! பைட்டியே! சப் லோக் பைட்டியே!"

தட்டல் நின்றது. மேடைப் படியில் ஒரு காலை வைத்திருந்த ஏற்பாட்டாளர் காலை எடுத்துக்கொண்டார்.

அகல்யா அவர் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கையையும் மெல்லக் கீழே இறக்கி மடியில் வைத்தாள். இரைச்சலில் கெட்டுப்போனதைக் கணக்கில் சேர்க்க அவள் தயாராக இல்லை. கைகளை மறுபடி மேலே தூக்கி, ஏழாவதை முதலிலிருந்து ஆரம்பித்தாள். முழுசாக எழுபது விநாடி. இந்தத் தடவை யாரும் இருமவில்லை. கலியமூர்த்தி நின்றுகொண்டே இருந்தார். கனிமொழி முகத்திலிருந்து கையை எடுத்திருந்தாள்.

அவ்வளவு நேரமும் அகல்யா அம்மாவோடு இருந்தாள்.

பிறகு கை இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு கட்டை தப்பாக விழுந்து, அரங்கம் முழுக்கக் கேட்டது. அவள் அதைத் திருத்தவில்லை. எட்டாவதை நோக்கி வாசித்துக்கொண்டு போனாள். கலியமூர்த்தி அப்போதுதான் உட்கார்ந்தார்.